நூற்றுக்கு மூன்று

காரணம் இருந்தால் தேவலை என்றார் டாக்டர் ஷாஹிதா.
கால் முறிந்ததா, வயிற்றைத் திறந்தார்களா,
ராப்பகலாய் பஸ்ஸில் உட்கார்ந்தீர்களா,
வேறு ஏதாவது மாத்திரை?
ஒன்றுமில்லை.
ஒரு புதன்கிழமை இடது கெண்டைக்கால் கனத்தது,
வெள்ளிக்கிழமை செருப்பு ஏறவில்லை.
காரணத்தோடு வந்த ரத்தக்கட்டி
காரணத்தோடு போய்விடும்,
சும்மா வந்ததுதான்
வழி பார்த்துவைத்துக்கொண்டு போகும்.

பொய் சொல்லிவிடலாமா என்றிருந்தது.
முந்தின வருடம் தையில் சென்னைக்குப் போனேன்.
தேதியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

தேவகோட்டையில், கூட்டுறவு வங்கியில்,
இருபத்தாறு வருடமாய் நகைக்கடன் மேசை என்னுடையது.
காலேஜ் ஃபீஸ், மோட்டார் காயில், காதுகுத்து என்று
சொல்லி வைப்பவர்கள் மீட்டுவிடுவார்கள்.
'சும்மாதான்' என்று சங்கிலியைத் தள்ளுகிறவர்கள்
பேருக்கு நேரே
பென்சிலில் ஒரு புள்ளி வைப்பேன்,
மேனேஜருக்குக்கூடத் தெரியாது.

ஆறு மாதம் வார்ஃபரின்.
முருங்கைக்கீரையைக் கிண்ணத்தில் அளந்து தின்றேன்.
பல் தேய்த்தால் எச்சிலில் சிவப்பு.
லாக்கர் மூலை தொடையில் இடித்த இடம்
கத்திரிக்காய் நிறத்தில் மூன்று வாரம் கிடந்தது.
கெட்டியாக இருந்தாலும் பயம், நீர்த்தாலும் பயம்,
ரத்தத்துக்கு இத்தனை நுணுக்கமான நடுவழியா?

பிறகு நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.
பெண் என்பதால் புள்ளி இல்லை.
ஐம்பது தாண்டிவிட்டது, அதற்கும் இல்லை.
(வயதானதற்கு யாராவது சலுகை தந்தது
இதுதான் முதல் தடவை.)
மாத்திரையை விட்டு ஒரு மாதம் கழித்து
டி-டைமர் எடுங்கள், ஏறியிருந்தால் இரண்டு புள்ளி,
அப்போது மறுபடி பேசுவோம்.

அந்த ஒரு மாதம்.
அடைக்கம்மையிடம் வாங்கிய தையல் டேப்பால்
தினமும் படுக்கும்முன் இரண்டு காலையும் சுற்றுவேன்.
முழங்காலுக்குக் கீழே நாலு விரல், பேனாவால் கோடு.
வலது முப்பத்து நான்கு. இடது முப்பத்து நான்கரை.
வலது முப்பத்து நான்கு. இடது முப்பத்தைந்து.
அன்றைக்கு விடியும்வரை
மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்,
நெஞ்சில் குத்துகிறதா என்று
குத்தும்வரை கவனித்தேன்.
காலையில் பார்த்தால் டேப் முறுக்கிக்கொண்டிருந்தது.

ரிசல்ட் வாங்கக் காரைக்குடிக்குப் போனேன்.
ரஸ்தா கேட்டில் ரயிலுக்காக பஸ் நின்றபோது
இறங்கி நடந்தேன். கண்டக்டர் திட்டினான்.
கல்லுக்கட்டிக்குப் பின்னால் அந்த லேப்,
காகிதம் இன்னும் சூடாயிருந்தது.
ஏறவில்லை.

அப்படியானால் வருடத்துக்கு
நூற்றுக்கு மூன்று என்றார் டாக்டர்,
நல்ல செய்தி சொல்லும் முகத்தோடு.
எனக்கு வட்டியாகத்தான் கேட்டது.
எங்கள் நகைக்கடனைவிட மலிவு.
ஆனால் முதல் எவ்வளவு என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நூறு பேரில் எந்த மூன்று பேர் என்றேன்.
அது தெரிந்தால், என்று ஆரம்பித்துச் சிரித்தார்.

எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு.
வருடா வருடம் ஏலத்துக்குப் போகிற நகை
இத்தனை இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன்,
ஒன்றிரண்டுதான் கூடும் குறையும்.
புள்ளி வைத்த பேர்கள்தான் தப்பாகிவிடும்.
பெரியகருப்பனுக்குப் புள்ளி வைத்தேன்,
சும்மாதான் என்றவன்,
தவணைக்கு ஒன்பது நாள் முன்பே வந்து மீட்டான்.
காசுமாலைக்காரி காரணத்தை அழுதுகொண்டே சொன்னவள்,
வரவேயில்லை.

வார்ஃபரின் மிச்சம் பதினொன்று,
தூக்கிப் போடவில்லை, கணக்கில் வைத்திருக்கிறேன்.
நேற்று கீரையை அளக்காமல் தின்றேன்.

மணிக்கொரு தரம் எழுந்து
லாக்கர் அறைவரை போய்த் திரும்புகிறேன்.
என்ன மேடம் அடிக்கடி, என்றார் புது மேனேஜர்.
சரிபார்க்கிறேன் சார்.
பூட்டை ஒருமுறை இழுத்துக் காட்டினேன்.
பூட்டியிருந்தது.